பத்தாயிரத்துக்குள் ஒரு மானிட்டர்: கசவுப் புடவையின் நிறம் ஆல்பத்திலும் சரியாக வர

நீங்கள் கேட்டதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது படித்தாலும் புரியும். களியக்காவிளையில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறீர்கள். பாதி வேலை பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்தும் மீதி மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்திலிருந்தும் வருகிறது. கேரளத்துத் தங்கக் கரை போட்ட கசவுப் புடவை திரையில் பளிச்சென்று இருக்கிறது. பிரிண்ட் போடுகிற லேபிலிருந்து ஆல்பம் வந்தால் இருண்டுபோய், அழுக்கு மஞ்சளாக இருக்கிறது. 10,000 ரூபாய்க்குள் என்ன மானிட்டர் வாங்கலாம், 24 அங்குலமா 27 அங்குலமா, கருவி இல்லாமல் கலிப்ரேட் செய்ய (திரையின் வெளிச்சத்தையும் நிறத்தையும் தரநிலைக்குக் கொண்டுவர) முடியுமா, தெரிந்தவர் 4,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிற பழைய டெல் அல்ட்ராஷார்ப்பை எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

மானிட்டர் வாங்குவதற்கு முன்னால் காசு செலவில்லாத ஒரு காரியம் செய்யுங்கள். இப்போது வைத்திருக்கிற மானிட்டரின் மெனுவைத் திறந்து பிரைட்னஸ் எத்தனையில் இருக்கிறது என்று பாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்து வைத்ததோடு சரி என்றால் 80, 90, 100 என்று ஏதோ ஒன்றில் நிற்கும். சாதாரண 24 அங்குல மானிட்டர் முழு பிரைட்னஸில் 250 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு வெளிச்சம் தரும். ஆல்பத்தின் தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, அறையில் விழுகிற வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். நல்ல ட்யூப்லைட் போட்ட கடையில் மேசை மேல் விழுகிற வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வெள்ளைத் தாள் தருவது 80 முதல் 130 நிட் வரைதான். ஆக, வாடிக்கையாளர் கையில் வைத்துப் பார்க்கப்போகிற பக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு வெளிச்சத்தில் நீங்கள் படத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள். திரையில் சரியாக இருக்கிற முகம் பிரிண்ட்டில் கறுத்துப்போவதில் ஆச்சரியமே இல்லை. லேப்காரரிடம் சண்டை போட்டும் பிரயோஜனம் இல்லை.

அந்த மஞ்சளுக்குக் காரணம் வேறு. கடை வரிசையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக மலிவு மானிட்டர்கள் பலவும் நீலம் தூக்கலாகத்தான் வருகின்றன. வெள்ளைக்கு 6500 கெல்வின் தரநிலை (எண் கூடக் கூட நீலம் கூடும்) என்றால், இவை அதைவிட ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாக நிற்கும். பாலராமபுரம் கைத்தறிக் கசவின் துணி சலவை வெள்ளை கிடையாது, லேசான சந்தன வெள்ளை. நீலம் தூக்கிய திரையில் அது சுத்த வெள்ளையாகத் தெரியும், கரையில் இருக்கிற தங்கம் செத்துத் தெரியும். உடனே கை தானாகப் போய் மஞ்சளைக் கூட்டும். உங்கள் திரையின் நீலம் லேபுக்குப் போவதில்லை. நீங்கள் கூட்டிய மஞ்சள் மட்டும் போகிறது.

எனவே புது மானிட்டர் வாங்கி அதையும் பெட்டியில் வந்த நிலையிலேயே ஓட்டினால் இதே கதைதான் நடக்கும். இந்தத் தொழிலுக்கு 10,000 ரூபாய் மானிட்டர் தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. முப்பதாயிரம் கொடுத்து வாங்கி 100 பிரைட்னஸில் ஓட்டுகிறவரைவிட, எட்டாயிரத்துக்கு வாங்கி ஒழுங்காக வைத்துக்கொள்கிறவரின் ஆல்பம் நன்றாக வரும்.

சரி, வாங்குவதற்கு வருவோம். பேனல், அதாவது படம் காட்டுகிற தகடு, ஐபிஎஸ் வகையாக இருக்க வேண்டும், இதில் பேரம் கிடையாது. டிஎன் பேனலில் தலையைக் கொஞ்சம் மேலே கீழே நகர்த்தினாலே நிறமும் வெளிச்சமும் மாறிவிடும். திரையின் மேல் பகுதியில் ஒரு மாதிரியும் கீழ்ப்பகுதியில் ஒரு மாதிரியும் தெரிகிற சாதனத்தில் நிறம் திருத்துவது வீண் வேலை. விஏ பேனலில் கறுப்பு அருமையாக இருக்கும். ஐபிஎஸ்ஸின் காண்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 1000:1 என்றால் இதில் 3000:1 வரும், படம் பார்க்க நல்லது. ஆனால் பக்கவாட்டில் நகர்ந்தால் இருண்ட பகுதிகளின் டோன் மாறும். மணப்பெண்ணின் கூந்தலில் விவரம் இருக்கிறதா இல்லையா என்று முடிவெடுக்கிற வேலைக்கு அது ஒத்துவராது. வளைந்த மானிட்டர்களில் மலிவாக வருபவை அநேகமாக விஏதான். ஆல்பம் டிசைனில் நேர்கோடு நேராகத் தெரிய வேண்டும், அதனாலும் அவை வேண்டாம்.

அடுத்தது நிற வீச்சு, அதாவது திரை எவ்வளவு நிறங்களைக் காட்ட முடியும் என்பது. விளம்பரத்தில் எதை எழுதினாலும் எஸ்ஆர்ஜிபி எத்தனை சதவீதம் என்று தேடுங்கள். 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து கொண்டுவந்த நிற வெளி அது. இன்றைக்கும் லேப்களில் பெரும்பாலானவை ஃபைலை அதில்தான் எதிர்பார்க்கின்றன. 99 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்றால் வாங்கலாம். சிலர் அதை எழுதாமல் என்டிஎஸ்சி என்ற பழைய டிவி தரநிலையின் சதவீதம் எழுதுவார்கள். அதில் 72 சதவீதம் என்பது ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். 45 சதவீதம் என்று இருந்தால் எஸ்ஆர்ஜிபியில் அறுபது சொச்சம்தான் தேறும். அதில் அரக்குப் பட்டு செங்கல் நிறமாகத் தெரியும், நீங்கள் சிவப்பை ஏற்றி ஏற்றி அனுப்புவீர்கள். மலிவு லேப்டாப் திரைகள் பலவும் இந்த 45 ரகம். லேப்டாப்பிலேயே கலர் பார்த்து அனுப்புகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

இந்த விலையில் கிடைக்கிற ஐபிஎஸ் பேனல்கள் பலவும் உண்மையில் 6 பிட்தான். ஒரு நிறத்துக்கு 64 படிகள். அதை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி 256 படி போலத் தோன்ற வைக்கிறார்கள். எஃப்ஆர்சி என்பது இதுதான். 8 பிட் கிடைத்தால் நல்லது, கிடைக்கவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். வானத்தில் சூரிய அஸ்தமனக் கிரேடியன்ட் போட்டால் மட்டும் லேசாகப் பட்டை தெரியலாம். அது திரையின் குறை, ஃபைலின் குறை இல்லை என்று தெரிந்திருந்தால் போதும்.

24 அங்குலமா 27 அங்குலமா என்றால், இந்த பட்ஜெட்டில் 24 அங்குலம்தான். 23.8 அங்குலத்தில் 1920×1080 என்றால் அங்குலத்துக்கு 92 புள்ளி. அதே 1080 வரிகளை 27 அங்குலத்தில் இழுத்துவிட்டால் 81தான் வரும். படம் பெரிதாகத் தெரியும், ஆனால் சின்ன எழுத்து உடையும். தமிழ், மலையாளம் இரண்டிலும் அழைப்பிதழ் அடிக்கிற உங்களுக்கு இது முக்கியம். இரண்டு மொழியிலும் சுழியும் கொம்பும் அதிகம். புள்ளி குறைந்தால் எழுத்துப்பிழை கண்ணில் படாமல் போய்விடும். 27 அங்குலம் வேண்டுமென்றால் 2560×1440இல் வாங்க வேண்டும், அதற்கு விலை கூடும். இப்போதைக்கு 24 அங்குல ஐபிஎஸ் முழு எச்டி 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் டெல், எல்ஜி, சாம்சங், பென்க்யூ, ஏசர், லெனோவோ என்று எல்லோரிடமும் இருக்கிறது. எந்தக் கம்பெனி என்பதைவிட எந்த மாடல் என்பதுதான் கேள்வி. ஒரே கம்பெனி ஒரே விலையில் ஐபிஎஸ்ஸும் விற்கும், விஏவும் விற்கும்.

பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற ஒரு மில்லிசெகண்ட், ஒரு கோடிக்கு ஒன்று டைனமிக் காண்ட்ராஸ்ட், எச்டிஆர் எதற்கும் நீங்கள் காசு கொடுக்க வேண்டாம். 250 நிட் மானிட்டரில் எச்டிஆர் என்பது சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பது மட்டுமே. மெல்லிய விளிம்பும் எனக்குப் பெரிதில்லை. உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்ட் இருந்தால் அதற்கு ஐந்நூறு கூடக் கொடுக்கலாம். 32 அங்குல டிவியை மானிட்டராகப் போடலாமே என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். மலிவில் வருபவை பலவும் 1366×768. போதாததற்கு டிவி தன் இஷ்டத்துக்கு ஷார்ப்னஸ் ஏற்றி, ஓரத்தை வெட்டிக் காட்டும்.

எங்கே வாங்குவது? எல்லையில் இருப்பதில் ஒரு வசதி, உங்களுக்கு ஓணம் ஆஃபரும் உண்டு, தீபாவளி ஆஃபரும் உண்டு. வரி இரண்டு பக்கமும் 18 சதவீதம்தான், எனவே விலை வித்தியாசம் என்பது கடைக்காரர் விட்டுக்கொடுப்பது மட்டும். ஆனால் உங்களுக்குத் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் இருந்து, வரியைத் திரும்ப எடுக்க நினைத்தால், திருவனந்தபுரத்துக் கடையில் பில் போடும்போதே ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டிய விற்பனைக்கான வரி) என்று போடச் சொல்லுங்கள். கேரள எஸ்ஜிஎஸ்டி என்று விழுந்தால் இங்கே எடுக்க முடியாது. வாரன்டிக்கு உங்கள் பின்கோடை எந்த ஊர் சர்வீஸ் சென்டர் கவனிக்கிறது, நாகர்கோவிலா திருவனந்தபுரமா, வீட்டுக்கு வந்து மாற்றித் தருவார்களா, நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஆலோசனை, விலை நூறு இருநூறு கூடினாலும் ஆன்லைனில் எடுக்காமல் கடையில் போட்டுப் பார்த்து எடுங்கள். ஒரே மாடலில் இரண்டு பெட்டி திறந்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. பென்டிரைவில் சில படங்கள் கொண்டுபோங்கள்: முழுக் கறுப்பு, முழு வெள்ளை, நடுத்தரச் சாம்பல், கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஓடும் ஒரு கிரேடியன்ட், அப்புறம் உங்களுக்கு மனப்பாடமான ஒரு கல்யாணப் படம், அச்சாகி வந்த பிரிண்ட்டோடு. கறுப்பில் ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். மூலையில் லேசாக மினுக்குவது ஐபிஎஸ்ஸின் குணம், தலையை நகர்த்தினால் அது இடம் மாறும். நகராமல் நிற்கிற திட்டுதான் கசிவு. சாம்பலில் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் ரோஸ் என்று சாய்கிறதா என்று பாருங்கள். எந்தக் கலிப்ரேஷனாலும் சரிசெய்ய முடியாத குறை இது. வெள்ளையிலும் கறுப்பிலும் செத்த புள்ளியைத் தேடுங்கள். முழு எச்டி திரையில் இருபது லட்சத்துக்கு மேல் புள்ளிகள் இருப்பதால், ஒன்றிரண்டு செத்திருந்தால் பெரும்பாலான கம்பெனிகள் மாற்றித் தர மாட்டார்கள். கண்டுபிடிக்க வேண்டிய இடம் கடைதான், வீடு இல்லை. பின்பக்கம் ஆர் என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) எண் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இனி கலிப்ரேஷன். முதலில் அறை. நம் பக்கத்துக் கடைகளில் சுவருக்குக் கிளிப்பச்சையும் ரோஸும் அடித்து வைத்திருப்பார்கள். மானிட்டருக்குப் பின்னால் தெரிகிற சுவரையாவது வெளிர் சாம்பலாக்குங்கள், ஒரு சாம்பல் துணி தொங்கவிட்டாலும் சரி. பச்சைச் சுவரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சாம்பல் ரோஸாகத் தெரியும், நீங்கள் முகத்தில் இருக்கிற சிவப்பைக் குறைத்துவிடுவீர்கள். ஜன்னல் திரைக்கு நேர் எதிரிலோ நேர் பின்னாலோ இருக்கக் கூடாது, பக்கவாட்டில் இருக்கட்டும். ட்யூப் எல்லாம் ஒரே நிறமாக இருக்கட்டும், 6500 என்று போட்ட ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஒரு மஞ்சள் பல்பும் ஒரு வெள்ளை ட்யூபும் சேர்ந்து எரிகிற அறையில் பிரிண்ட்டை எந்தக் கோணத்தில் பிடித்தாலும் ஒவ்வொரு நிறம்.

மானிட்டரைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு ஆரம்பியுங்கள். மெனுவில் டைனமிக் காண்ட்ராஸ்ட், ஈக்கோ மோட், ப்ளூ லைட் குறைப்பு எல்லாவற்றையும் அணையுங்கள். விண்டோஸில் நைட் லைட், எச்டிஆர் இரண்டையும் அணையுங்கள். விஜிஏ கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட் போடுங்கள். எச்டிஎம்ஐயில் ஒரு பொறி இருக்கிறது: சில நேரம் கிராஃபிக்ஸ் கார்டு மானிட்டரை டிவி என்று நினைத்து 0 முதல் 255க்குப் பதில் 16 முதல் 235 வரை மட்டும் அனுப்பும். கறுப்பு சாம்பல் பூத்ததுபோல் தெரிந்தால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றின் கன்ட்ரோல் பேனலிலும் ஃபுல் ரேஞ்ச் என்று ஒரு தேர்வு இருக்கும், அதை வையுங்கள். இது தெரியாமல் மானிட்டர் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

பிரைட்னஸுக்கு உங்களிடம் ஏற்கனவே ஒரு கருவி இருக்கிறது, உங்கள் கேமரா. திரை முழுக்க வெள்ளைப் படத்தை வையுங்கள். கேமராவை மேனுவல் மோடில் ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 4, ஷட்டர் 1/50 என்று வைத்து, ஸ்பாட் மீட்டரில், ஃபோகஸைக் கலைத்துவிட்டு, திரையின் நடுவைப் பாருங்கள். மீட்டர் முள் நடுவில் பூஜ்யத்தில் நிற்கும்வரை மானிட்டரின் பிரைட்னஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நின்றால் திரை ஏறக்குறைய 100 நிட். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கேனன், நிக்கான் கேமராக்களின் லைட் மீட்டர் 12.5 என்ற மாறிலியை வைத்து அளக்கிறது. அபர்ச்சரின் வர்க்கத்தை 12.5ஆல் பெருக்கி, ஷட்டர் நேரத்தையும் ஐஎஸ்ஓவையும் பெருக்கி வந்ததால் வகுத்தால் நிட் கிடைக்கும். 16ஐ 12.5ஆல் பெருக்கினால் 200, கீழே 1/50 பெருக்கல் 100 என்றால் 2. 200ஐ 2ஆல் வகுத்தால் 100. ஷட்டரை 1/60இல் வைத்தால் 120 நிட். இப்போது உள்ள பிரைட்னஸில் முள் 1/125இல் பூஜ்யம் காட்டினால் உங்கள் திரை 250 நிட்டில் எரிகிறது என்று அர்த்தம். மூன்றில் ஒரு ஸ்டாப் முன்னே பின்னே இருக்கலாம், அது போதும். கடை வெளிச்சத்தைப் பொறுத்து 100க்கும் 120க்கும் நடுவில் வையுங்கள். பெரும்பாலான மானிட்டரில் பிரைட்னஸ் எண் 20, 30 பக்கம் வந்து நிற்கும். முதல் நாள் திரை மங்கிப்போனதுபோல் இருக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும். தயவுசெய்து அதற்குள் ஏற்றிவிடாதீர்கள்.

கேமராவை 6500 கெல்வினில் வைத்து வெள்ளைத் திரையைப் படமெடுத்து நிறத்தையும் சரிபார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளிச்சத்துக்குக் கேமராவை நம்பலாம், நிறத்துக்கு வேண்டாம். சென்சார் நிறம் பார்க்கிற விதமும் நம் கண் பார்க்கிற விதமும் ஒன்றில்லை.

அடுத்து ஃபோட்டோஷாப்பில் 1920×1080 அளவில் ஒரு கறுப்புப் பக்கம் எடுத்து, அதில் 2, 4, 6, 8, 10, 15, 20 என்ற மதிப்புகளில் சதுரங்கள் போடுங்கள். இன்னொன்று வெள்ளைப் பக்கம், அதில் 254, 252, 250, 248, 245. ப்ரொஃபைல் (நிறத்தை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் குறிப்பு) இணைக்காமல் பிஎன்ஜியாகச் சேமித்து விண்டோஸின் சாதாரண பெயின்ட்டில் முழு அளவில் திறந்து பாருங்கள். ஃபோட்டோஷாப்பிலேயே பார்த்தால் அது ப்ரொஃபைலை வைத்து மாற்றிக் காட்டிவிடும். அறை வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்கும்போது கறுப்பில் 6, 8 சதுரமாவது மங்கலாகத் தெரிய வேண்டும். வெள்ளையில் 250 தெரிய வேண்டும், 252 தெரிந்தால் இன்னும் நல்லது. வெள்ளைச் சதுரங்கள் காணாமல் போனால் மானிட்டரின் காண்ட்ராஸ்ட் அதிகம், குறைத்துக்கொண்டே வாருங்கள். கசவுப் புடவைக்கு உயிரே இந்த இடத்தில்தான். துணி மடிப்புகள் எல்லாம் 225க்கு மேல் 250க்குள் ஒண்டிக்கொண்டிருக்கும். திரை அதை ஒரே வெள்ளையாக விழுங்கினால், மடிப்பு இருக்கிறதா போய்விட்டதா என்று உங்களுக்கே தெரியாமல் ஃபைல் லேபுக்குப் போகும். காண்ட்ராஸ்ட்டைத் தொழிற்சாலை அளவுக்கு மேலே ஏற்றாதீர்கள். ஏற்றுவதால் கிடைக்கிற லாபம் எதுவும் இல்லை.

காமா, அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் உள்ள டோன்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகின்றன என்பதைப் பார்க்க ஒரு சுலப வழி. ஒரு புள்ளி தடிமனில் ஒரு கறுப்பு வரி, ஒரு வெள்ளை வரி என்று கிடைமட்டமாக மாற்றி மாற்றி நிரப்பிய ஒரு கட்டம். அதன் நடுவில் 186 மதிப்பில் ஒரு சாம்பல் சதுரம். நூறு சதவீத அளவில் வைத்து, நாலைந்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வரிகள் கலந்து பாதி வெளிச்சமாகத் தெரியும். காமா 2.2 ஆக இருந்தால் நடுச் சதுரம் அதோடு கரைந்துவிடும். சதுரம் வெளிறித் தெரிந்தால் காமா குறைவு, இருண்டு தெரிந்தால் கூடுதல். மெனுவில் காமா 1, 2, 3 என்றோ 2.0, 2.2, 2.4 என்றோ இருக்கும். கரைகிற எண்ணைப் பிடியுங்கள். எதுவும் ஒத்துவராவிட்டால் மட்டும் விண்டோஸ் விசையும் ஆரும் அழுத்தி, டிசிசிடபிள்யூ என்ற நான்கு ஆங்கில எழுத்தை அடித்தால் வருகிற கலர் கலிப்ரேஷனில் மீதியைச் சரிசெய்யலாம்.

நிறத்துக்கு மெனுவில் கூல், நார்மல், வார்ம், எஸ்ஆர்ஜிபி, யூசர் என்று இருக்கும். கூல் பக்கம் போகவே வேண்டாம். எஸ்ஆர்ஜிபி மோட் இருந்து அதில் பிரைட்னஸ் மாற்ற முடிந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், முக்கால்வாசி வேலை முடிந்தது. சில மானிட்டர்கள் அந்த மோடில் பிரைட்னஸைப் பூட்டிவிடும். அப்படியென்றால் வார்ம் வைத்து, யூசரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் நீலத்தை மட்டும் நூறிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, லேபிலிருந்து வந்த அச்சில்லாத வெள்ளை ஃபோட்டோ பேப்பர் ஒன்றை 6500 ட்யூபின் கீழ் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுங்கள். எதையும் நூறுக்கு மேல் ஏற்றாதீர்கள், குறைப்பது மட்டும்தான். கண்ணால் இதைத் துல்லியமாகச் செய்ய முடியாது. கண் எந்த வெள்ளையையும் ஐந்து நிமிடத்தில் வெள்ளை என்று ஒப்புக்கொண்டுவிடும். அதனால் ஒரே மூச்சில் செய்யாமல், வெளியே போய்விட்டு வந்து முதல் பார்வையில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள்.

கருவி இல்லாமல் செய்யக்கூடியது இவ்வளவுதான், உங்கள் புகாரில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும். மீதிக்குக் கருவி வேண்டும். காலிப்ரைட், டேட்டாகலர் ஸ்பைடர் போன்ற கலரிமீட்டர்களின் (திரையின் நிறத்தை அளக்கும் கருவிகளின்) விலை உங்கள் மானிட்டரின் விலையைவிட அதிகம், ஒருவராக வாங்குவது வீண். மார்த்தாண்டத்திலிருந்து பாறசாலை வரை எத்தனை ஸ்டுடியோ இருக்கிறது, நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி மாதத்துக்கு ஒருமுறை சுற்றவிடுங்கள். முன்பு எக்ஸ்-ரைட் என்ற பெயரில் வந்த பழைய கருவி கிடைத்தாலும் எடுக்கலாம், கண்ணாடி ஃபில்டர் வைத்தவை சீக்கிரம் கெடாது. மென்பொருளுக்குக் காசு வேண்டாம், டிஸ்ப்ளேகால் இலவசம். அதில் 6500 கெல்வின், காமா 2.2, 100 முதல் 120 நிட் என்று கொடுங்கள். கரெக்ஷன் என்ற இடத்தில் உங்கள் பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரிகிற விளக்கு) வகையைச் சொல்ல மறக்காதீர்கள். சாதாரண மலிவு மானிட்டருக்கு வெள்ளை எல்இடி. அதை விட்டுவிட்டால் கருவியே உங்களைத் தவறான வெள்ளைக்குக் கூட்டிப்போகும். முடிந்தவுடன் மெனுவில் உள்ள எண்களை எல்லாம் ஒரு சீட்டில் எழுதி மானிட்டரின் முதுகில் ஒட்டிவிடுங்கள். ப்ரொஃபைல் செய்த பிறகு யாராவது பிரைட்னஸைத் தொட்டால் அந்த ப்ரொஃபைல் செல்லாது. கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட் ஆன பிறகும், சில நேரம் ஸ்லீப்பிலிருந்து எழும்போதும் கலிப்ரேஷன் கழன்றுவிடும், அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்த பிறகு லேப் பக்கம் வாருங்கள். ஃபோட்டோஷாப்பின் கலர் செட்டிங்ஸில் எஸ்ஆர்ஜிபி வையுங்கள், ஜேபெக் சேமிக்கும்போது ப்ரொஃபைலையும் சேர்த்துச் சேமியுங்கள். ஒரே பக்கத்தில் ஒரு கசவுப் படம், ஒரு அரக்குப் பட்டுப் படம், சாம்பல் படிகள், முகங்கள் நாலு என்று வைத்து ஒரு சோதனைப் பிரிண்ட் எடுங்கள். லேபில் ஆட்டோ கரெக்ஷன் போடாமல் அடிக்கச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சோதனைக்கு அர்த்தம் இல்லை. பிரிண்ட் திரையோடு கொஞ்சம் வேறுபட்டால் மானிட்டரைத் திருகிப் பிரிண்ட்டுக்கு ஒத்துவர வைக்காதீர்கள். இந்தத் தப்பைப் பலரும் செய்கிறார்கள். நாளைக்கு லேப் மாறினாலோ, அதே லேப் பேப்பரை மாற்றினாலோ எல்லாம் போச்சு. லேபிடம் ப்ரொஃபைல் இருந்தால் வாங்கி, வியூ மெனுவில் ப்ரூஃப் செட்டப்பில் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அந்த வேறுபாட்டை ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயராகச் சேமித்து, அந்த லேபுக்குப் போகிற ஃபைலில் மட்டும் போடுங்கள்.

சிவகாசிக்கு அனுப்புகிற அழைப்பிதழும் ஃப்ளெக்ஸும் வேறு கணக்கு. அங்கே மை நான்கு நிறம். ராணி ரோஸ், மயில் கழுத்து நீலம், கிளிப்பச்சை மூன்றும் திரையில் ஜொலிக்கிற அளவுக்குத் தாளில் வராது, எந்த மானிட்டர் வாங்கினாலும் வராது. திரையில் அந்த நான்கு மைக்கான சிஎம்ஒய்கே ப்ரூஃப் போட்டு, மங்கிய நிறத்தை வாடிக்கையாளருக்கு முதலிலேயே காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அதைவிடப் பெரிய தலைவலி ஃபோன். மணமகன் துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் ஆல்பத்தைப் பார்த்து ஓகே சொல்லியிருப்பார், அவர் ஃபோன் விவிட் மோடில் எல்லாச் சிவப்பையும் ஏற்றிக் காட்டியிருக்கும். ஊருக்கு வந்து ஆல்பத்தைத் திறந்து கலர் குறைகிறது என்பார். அதனால் அனுப்பும்போதே, இது டிசைனும் எழுத்தும் பார்க்க மட்டும், நிறம் கடையில் வந்து பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.

மின்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்குகிற ஊர் நம்முடையது. ஸ்பைக் பஸ்டர் இருக்கிறது என்று நம்பி இருக்காதீர்கள். கரண்ட் பிளக்கோடு நெட் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். நெட் வழியாக வந்து எச்டிஎம்ஐ போர்ட்டைத் தீய்க்கிறதும் நடக்கும்.

கடைசியாக அந்த அல்ட்ராஷார்ப். மாடல் எண்ணை நீங்கள் எழுதவில்லை, அதில்தான் விஷயம் இருக்கிறது. யு எழுத்துக்குப் பின்னால் வருகிற முதல் இரண்டு இலக்கம் அங்குலம், அடுத்த இரண்டும் ஏறக்குறைய அந்த மாடலின் ஆண்டு. யு2410 போன்றவை பழைய சிசிஎஃப்எல் விளக்கு (மெல்லிய ட்யூப்லைட் மாதிரி) வைத்தவை. அந்த விளக்கு வயதாக வயதாக மங்கி மஞ்சளடிக்கும். போதாததற்கு அதன் நிற வீச்சு எஸ்ஆர்ஜிபியைவிட அகலம், ப்ரொஃபைல் இல்லாத மென்பொருளில் எல்லாச் சிவப்பும் கொதிக்கும். இந்த ரகம் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். யு2412எம், யு2414எச், யு2415 என்றால் வெள்ளை எல்இடி, ஐபிஎஸ், உயரம் மாற்றும் ஸ்டாண்ட், மூன்றுமே உங்கள் வேலைக்கு ஏற்றது. இதில் 2412, 2415 இரண்டும் 1200 வரிகள், ஆல்பம் பக்கத்துக்குக் கூடுதல் இடம் கிடைக்கும். அரை மணி நேரம் ஓடவிட்டு, சாம்பல் படத்தில் திட்டு இல்லை என்றால், பிரைட்னஸை முழுதாக வைத்துக் கேமராவில் அளக்கும்போது 150 நிட்டுக்கு மேல் காட்டினால், 4,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தைக் கலரிமீட்டர் பங்குக்கு வைத்துக்கொள்ளலாம். 2412எம்மில் எச்டிஎம்ஐ கிடையாது, டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையும் கூடவே கேட்டு வாங்கிவிடுங்கள்.